ஓடியவரும் ஓட்டியவரும்

இரண்டாம் படிவத்தில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த ஆசிரியைக்கு ஒரு பழக்கம். கட்டுரையில் ‘கோ’, ‘கெட்’, ‘ரன்’ மாதிரி சின்னச் சின்ன வினைச்சொற்களைக் கண்டால் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுவார். ஓரத்தில் ‘இதைவிட நல்ல சொல்’ என்று எழுதுவார். எல்லாரும் பேசுகிற சொல் மட்டம், அரிய சொல் உயர்வு என்பது அவருடைய நம்பிக்கை. நாளடைவில் எங்களுக்கும் அதுவே நம்பிக்கையாகிப் போனது. வகுப்பில் பாதிப் பேர் பையில் குட்டி ‘தெசாரஸ்’ ஒன்று கிடக்கும்.

ஒருமுறை குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நான் என் பூட்டனைப் பற்றி எழுதினேன். பாட்டி அடிக்கடி சொல்லும் கதை அது. “ஒங்க பூட்டன் மொதல்ல இருந்த தோட்டத்துல கங்காணி கை நீட்டிட்டான். இவரு ரோஷக்காரரு. அன்னைக்கு ராவே பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிக்கிட்டு இங்க ஓடியாந்துட்டாரு.” இவ்வளவுதான் கதை. பாட்டி அதைச் சொல்லும்போதெல்லாம் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

முதலில் ‘ரன்’ என்றுதான் எழுதினேன். வட்டம் விழுமே என்று தெசாரஸைப் புரட்டினேன். அந்தச் சொல்லுக்குக் கீழே இருந்த பட்டியலில் ‘அப்ஸ்காண்ட்’ என்று ஒன்று இருந்தது. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. அதையே போட்டுவிட்டேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆசிரியை சிரித்துக்கொண்டே கேட்டார்: “உன் பூட்டன் எதைத் திருடிக்கொண்டு போனார்?” வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். குற்றம் செய்தவர் கைதுக்குப் பயந்து யாருக்கும் தெரியாமல் வெளியேறித் தலைமறைவாவது என்று பொருள் போட்டிருந்தது. பாட்டியிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சொற்கள். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்ததும் என் பூட்டன் திருடனாகிவிட்டார். இது எப்படி நடந்தது என்று தேடப் போய், ‘ரன்’ என்ற அந்தச் சின்னச் சொல்லின் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எளிய சொல்லே கடினம்

இந்தச் சின்ன வினைச்சொற்களைக் கண்டு முதலில் மிரண்டவர்கள் அகராதிக்காரர்கள்தான். சாமுவேல் ஜான்சன் 1746-இல் லண்டன் புத்தக வியாபாரிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். 1,500 கினி ஊதியம். மூன்றே ஆண்டில் ஆங்கில மொழிக்கு ஓர் அகராதி செய்து தருவதாக நம்பினார். கஃப் சதுக்கத்தில் இருந்த வீட்டு மாடியில் ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். முடிந்தது 1755 ஏப்ரலில். ஏறக்குறைய 42,000 சொற்கள்.

அந்த அகராதியின் முன்னுரையில் ஜான்சன் தன் சிரமங்களைப் பட்டியல் போடுகிறார். அரிய சொற்கள் அவரை அவ்வளவாகப் படுத்தவில்லை. படுத்தியவை வா, போ, கொடு, எடு, வை, ஓடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். அவற்றின் பொருள் தளர்ந்து, பரந்து, எல்லை எங்கே என்று தெரியாமல் கிடக்கிறது என்கிறார். ‘டேக்’ என்ற ஒரே சொல்லுக்கு மட்டும் 134 பொருள்களைப் பிரித்து எண் போட்டார். இந்தச் சொற்களோடு ‘ஆஃப்’, ‘ஆன்’, ‘அவுட்’ போன்ற ஒட்டுகள் சேரும்போது பொருள் முற்றிலும் வேறாகிவிடுவதையும், வெளிநாட்டுக்காரர்களுக்கு அது பெரும் தொல்லை என்பதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, நம்ம கஷ்டம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கே என்று எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

நூறு ஆண்டு கழித்து, 1857-இல், லண்டன் மொழியியல் கழகம் ஜான்சனின் அகராதியையும் அதற்குப் பின் வந்தவற்றையும் போதாது என்று முடிவு கட்டியது. அங்கிருந்துதான் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் கதை தொடங்குகிறது. படிப்பவர்கள் எல்லாரும் தாங்கள் படிக்கும் நூலிலிருந்து சொற்களை அவை வரும் வாக்கியத்தோடு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். அவற்றை வைத்து ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் வந்தது என்று வரலாறு எழுதுவார்கள்.

1879-இல் ஜேம்ஸ் மரே ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது மூட்டை மூட்டையாகச் சீட்டுகள் அவர் கைக்கு வந்தன. தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டு அவற்றை அடுக்கினார். அப்போது ஒரு விசித்திரத்தைக் கண்டார். வழக்கொழிந்த ‘அபியூஷன்’ என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் போல இருந்தன. அன்றாடம் புழங்கும் ‘அபியூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. தன்னார்வலர்கள் எங்க டீச்சர் மாதிரி அரிய சொல்லைக் கண்டதும் குதித்து எழுதியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் வரும் எளிய சொல் அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

பத்தாண்டில் முடியும் என்று நினைத்த வேலை 1928 வரை இழுத்தது. மரே 1915-இல் ‘டி’ எழுத்துச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அத்தனையிலும் அதிகமான இடத்தைப் பிடித்துக்கொண்டது மூன்று எழுத்துச் சொல் ஒன்று: ‘செட்’. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். ஒரு சிறு நாவலே எழுதிவிடலாம்.

பிறகு அந்த இடத்தை ‘ரன்’ பிடித்தது. மூன்றாம் பதிப்புக்காக அந்தச் சொல்லைத் திருத்தி எழுதும் பொறுப்பு பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு வந்தது. ஒரே சொல்லோடு சுமார் ஒன்பது மாதம் இருந்தார். 2011-இல் வேலை முடிந்தபோது வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் இருந்தன. வட்டம் போட்டு ஒதுக்கிய சொல்லுக்குள் இவ்வளவு பெரிய வீடு இருப்பது பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தெரியாது.

ஓடு, ஓட்டு

ஒரு சொல் ஏன் இப்படி ஊதிப் பெருக்கிறது? ‘ரன்’ விஷயத்தில் ஒரு காரணம் தமிழ் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று ‘ரின்னன்’, அல்லது ‘இர்னன்’. தானாக ஓடுவது, நீர் ஓடுவது. இன்னொன்று ‘ஏர்னன்’. ஓடச் செய்வது, குதிரையைப் பாயவிட்டு ஓட்டிப் போவது. நம்முடைய ஓடு, ஓட்டு மாதிரியேதான். தன்வினை ஒன்று, பிறவினை ஒன்று. இதே போன்ற ஸ்காண்டிநேவியச் சொற்களும் வந்து கலந்தன. சில நூற்றாண்டுகளில் எல்லாம் ஒரே உச்சரிப்புக்குள் சரிந்து ‘ரன்’ என்று ஆனது. ஓடுகிறவனுக்கும் அதே சொல், ஓட்டுகிறவனுக்கும் அதே சொல்.

ஆங்கிலத்தில் இந்த இணைகள் முழுக்க அழிந்துவிடவில்லை. ‘லை’ என்றால் கிடத்தல், ‘லே’ என்றால் கிடத்துதல். ‘ஃபால்’ என்றால் விழுதல், ‘ஃபெல்’ என்றால் மரத்தை வெட்டி விழச் செய்தல். 430 பொருளோடு அகராதியை ஆண்ட ‘செட்’ வேறொன்றுமில்லை, ‘சிட்’ என்பதன் பிறவினை. உட்கார வைத்தல், இருத்துதல். அப்படிப் பார்த்தால் ஆங்கில அகராதியின் இரண்டு பெரிய பூதங்களுமே ஒரு காலத்துப் பிறவினைகளோடு உறவுள்ளவை. ஒன்று தன் இணையை விட்டுப் பிரிந்து தனியாக வளர்ந்தது. இன்னொன்று தன் இணையை விழுங்கி வளர்ந்தது.

தமிழ் ‘ஓடு’வும் லேசுப்பட்ட சொல்லில்லை. ஆறு ஓடுது, கடிகாரம் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, பொழப்பு ஏதோ ஓடுது, காலையிலேர்ந்து ஒண்ணுமே ஓடல. ஆனால் யாராவது ஒன்றை ஓடச் செய்தால் நமக்கு ‘ஓட்டு’ தனியாக வேண்டும். கார் ஓட்டணும், மாடு ஓட்டணும், காலத்தை ஓட்டணும். யார் ஓடுகிறார், யார் ஓட்டுகிறார் என்று தமிழ் வினைச்சொல்லே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அதை வாக்கியத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழிற்புரட்சிக்குப் பிறகு இந்தச் சொல்லுக்குத் தீனி பெருகியது. ஆலை ஓடியது, ரயில் ஓடியது, எந்திரம் ஓடியது. எந்திரத்தை வைத்திருந்த முதலாளி தொழிலையும் ‘ரன்’ பண்ணினார். கடைசியில் கணினி வந்து நிரலும் ‘ரன்’ ஆனது. 645-இல் பெரிய பங்கு இப்படி வந்து சேர்ந்தவை.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஆங்கிலேயர் கடையை ‘ஓட்டுகிறார்’. நாம் கடையை நடத்துகிறோம், அதாவது நடக்கச் செய்கிறோம். மலாய்க்காரர்களும் நம்மைப் போலத்தான். ‘ஜாலான்’ என்றால் நடத்தல், சாலை. அதிலிருந்து வந்த ‘மெஞ்சாலான்கான்’ என்ற சொல்லால்தான் தொழில் நடத்துவதைச் சொல்கிறார்கள். ஒரே மளிகைக் கடை ஆங்கிலத்தில் ஓடுகிறது, தமிழிலும் மலாயிலும் நடக்கிறது. தேர்தலிலும் இப்படி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார். நம்ம ஊரில் “அவரு இந்தத் தடவ எங்க நிக்கிறாரு?” என்றுதான் கேட்கிறோம்.

ஒத்த சொற்களின் வேற்றுமை

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது பாதிக் கதை. மறுபாதி, ஒரு பொருளுக்குப் பல சொல். என் குட்டி தெசாரஸ் அந்த வழியில் வந்தது.

நமக்கு இது பழைய சமாச்சாரம். திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று தொடங்கி முதல் பத்துத் தொகுதிகள் பொருள்வாரியாகச் சொற்களைக் கூட்டித் தருகின்றன. செயலுக்கு ஒரு தொகுதி, ஒலிக்கு ஒரு தொகுதி. பதினோராவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் தருவது. புலவர்கள் மனப்பாடம் செய்வதற்காகச் செய்யுளில் எழுதி வைத்தார்கள். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதும் பலபொருள் ஒருசொல்லைப் பெயரகராதியிலும், ஒருபொருள் பலசொல்லைப் பொருளகராதியிலும் பிரித்தே வைத்தார்.

ஆங்கிலத்தில் இந்த வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தவர் ஹெஸ்டர் பியோட்சி. ஜான்சனின் நெருங்கிய தோழி. முதல் கணவர் இறந்தபின் இத்தாலிய இசைக்கலைஞர் ஒருவரை மணந்து, அதற்காக ஜான்சனின் நட்பையே இழந்தவர். 1794-இல் ஒத்த சொற்களைப் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து ஆங்கிலம் பேச முயல்பவர்களுக்கு உதவுவதே அவர் நோக்கம். வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தாரே. பியோட்சி வெறும் பட்டியல் தரவில்லை. இரண்டு மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு எதை எங்கே சொல்லலாம், எங்கே சொன்னால் தப்பாகும் என்று கதை போலப் பேசுகிறார்.

பீட்டர் மார்க் ரோஜே வேறு மாதிரி. மருத்துவர். மான்செஸ்டரில் வேலை பார்த்த இளவயதில், 1805-இல், தன் சொந்த உபயோகத்துக்கென்று சொற்பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ராயல் சொசைட்டியின் செயலாளர். ஓய்வுபெற்ற பின் பழைய பட்டியலைத் தூசி தட்டி எடுத்து, 1852-இல், 73 வயதில் வெளியிட்டார். மனித எண்ணங்கள் அனைத்தையும் ஆறு வகுப்பு, 1,000 தலைப்பு என்று பிரித்து அவற்றுக்குள் சொற்களைக் கொட்டினார். ‘தெசாரஸ்’ என்றால் கருவூலம். அதில் சொற்களுக்குப் பொருள் கிடையாது. ஒரு கருத்தை வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுகிறவருக்கு அந்தச் சொல்லின் பொருள் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பது ரோஜேயின் கணக்கு.

பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியாது. ரோஜே வழி வந்த புத்தகத்தை நம்பினேன். பியோட்சி கையில் கிடைத்திருந்தால் பூட்டன் தப்பித்திருப்பார்.

ஏனென்றால் ஒத்த சொற்கள் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைக் கொஞ்சமாவது ஞாபகம் வைத்திருக்கும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் ஆட்சியின் சொற்களாகின. ‘ரன்’ வயலிலும் தெருவிலும் கிடந்தது. அதே வேலைக்கான மற்ற சொற்கள் அரண்மனை வழியாகவும் கல்விக்கூடம் வழியாகவும் வந்தன. ஆட்சி செய்வதைச் சொல்லும் ‘கவர்ன்’, கிரேக்கத்திலும் லத்தீனிலும் கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பது. ‘அட்மினிஸ்டர்’ என்பதன் வேரில் இருப்பது ஊழியம் செய்வது. ‘மேனேஜ்’ இத்தாலியிலிருந்து வந்தது. கையால் பிடித்துப் பழக்குவது, குறிப்பாகக் குதிரையை அடக்கிப் பழக்குவது. ‘அப்ஸ்காண்ட்’ லத்தீனில் ஒளித்து வைப்பது. ‘டிசர்ட்’ என்ற வினைச்சொல் கைவிட்டுப் போவது. படைவீரன் தன் காவலிடத்தை விட்டு ஓடினால் அந்தச் சொல்.

கடைசி மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்குத் தேவைப்படும்.

ஓடுவது எப்போது குற்றமாகிறது

ரோஜேயின் புத்தகம் லண்டனில் அச்சேறிய அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், ஓடுவதற்கு என்ன பெயர் வைப்பது என்பது உயிர் போகிற பிரச்சினையாக இருந்தது. 1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தெற்கிலிருந்து தப்பி வடக்கே வந்துவிட்ட அடிமையையும் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சட்டம் அவர்களைக் குறித்த சொல் ‘ஃபியூஜிடிவ்’. தப்பி ஓடுகிறவர் என்ற லத்தீன் சொல்தான். ஆனால் சட்டத்தில் ஏறியதும் தேடப்படும் குற்றவாளியின் சாயல் அதில் படிந்துவிட்டது.

அடுத்த ஆண்டே சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ஒருபடி மேலே போனார். அடிமைகள் ஓடிப்போவது ஒரு மனநோய் என்று கட்டுரை எழுதி, கிரேக்கத்தில் ஓடிப்போனவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘டிராப்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். சவுக்கடியும் அதற்கு மருந்தாம். இன்று அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை, அந்த மக்களைப் பற்றி எழுதும்போது விடுதலை தேடியவர்கள் என்று பொருள்படும் சொல்லையே விரும்பிப் பயன்படுத்துகிறது. ஓடியது மாறவில்லை. சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மாறியிருக்கிறது.

ஓடுவதை நோயாக்கும் இந்தப் பழக்கத்துக்கு நம் மண்ணிலும் ஒரு கதை உண்டு. ‘ரன் அமோக்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அந்த ‘அமோக்’ மலாய்ச் சொல். வெறிகொண்டு கண்ணில் படுபவரையெல்லாம் தாக்குவது. மலாயில் ‘மெங்காமோக்’ என்று ஒரே வினைச்சொல் போதும், ஓட வேண்டியதில்லை. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் வழியாக இந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கிலேயர் அதோடு ‘ரன்’னைச் சேர்த்தார்கள். பல காலம் அதன் முதல் எழுத்தைத் தனியாக வெட்டி, ‘அ மக்’ என்று இரண்டு சொல்லாகவே எழுதினார்கள். 1687-இல் டிரைடன் கவிதையில் அது ‘மக்’ என்றே வருகிறது. 1893-இல் சிங்கப்பூர் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ் மலாய்க்காரர்களின் அமோக் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். நூறு ஆண்டு கழித்து, 1994-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டிலும் அது குறிப்பிட்ட பண்பாட்டோடு பிணைந்த நோய்க்குறிகளின் பட்டியலில் இருந்தது. ஓர் இனத்துக்கே ஒரு சுபாவம் உண்டு என்று உலகம் நம்புவதற்கு இரண்டு சொற்கள் கொண்ட ஒரு மரபுத்தொடரும் உதவியிருக்கிறது.

இனி தோட்டத்துக்கு வருவோம்.

பிரிட்டனில் முதலாளியிடம் வேலையை ஒப்பந்தத்துக்கு முன் விட்டுப்போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் வெகுகாலம் இருந்தது. 1875-இல் அது ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே ஒரு தொழிலாளி வேலையை விட்டு நின்றால் அது குற்றமில்லை, நஷ்டஈட்டு வழக்கு மட்டுமே. ஆனால் அதே பிரிட்டிஷார் ஆண்ட மலாயாவில் சஞ்சிக்கூலியாக வந்த தமிழர், ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் தோட்டத்தை விட்டுப் போனால் தண்டனைக்குரிய குற்றவாளி. அதற்கு ஆங்கிலத்தில் பெயர் ‘டிசர்ஷன்’. படையை விட்டு ஓடிய சிப்பாயின் குற்றத்துக்கான அதே பெயர். பால் மரத்தையும் கரும்பையும் விட்டுப் போனவரை எந்தப் படையில் சேர்த்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இலங்கையில் தோட்டத் துரைமார்கள் இன்னொரு சொல்லைப் புழங்கினார்கள்: ‘போல்ட்’. மிரண்ட குதிரை கடிவாளத்தை மீறிப் பாய்வதைச் சொல்லும் சொல். தோட்டத்தை விட்டுப் போன தமிழ்க் கூலிகளை அப்படித்தான் குறித்தார்கள். இப்போது தோட்டத்தின் பெரிய துரைக்கு என்ன பதவிப்பெயர் என்று யோசித்துப் பாருங்கள். மேனேஜர். குதிரையைப் பழக்குகிறவரின் சொல். அதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வைத்திருக்க மாட்டார்கள். துரை தோட்டத்தை ‘ரன்’ பண்ணினார், கூலி தோட்டத்திலிருந்து ‘ரன்’ பண்ணினார். ஒரே வினைச்சொல்லின் இரண்டு முனைகள். ஆனால் பதிவேட்டில் எழுதும்போது முதலாமவருக்குக் கௌரவமான ஒத்த சொல் கிடைத்தது, இரண்டாமவருக்குக் குற்றத்தின் ஒத்த சொல் கிடைத்தது. பேனா துரை கையிலும் கிராணி கையிலும் இருந்தது.

1910-இல் மலாயாவுக்குப் புதிதாகச் சஞ்சிக்கூலிகளைக் கொண்டுவருவது நின்றது. அதன் பிறகு பெரும்பாலும் கங்காணி வழியாகவே ஆட்கள் வந்தார்கள். என் பூட்டனும் அப்படி வந்தவர்தான். சட்டப்படி ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகலாம். காகிதத்தில் அது நன்றாக இருக்கும். அடித்தவனிடமே போய் “ஒரு மாசத்துல போறேன்யா” என்று சொல்லிவிட்டு அவன் கண் முன்னால் முப்பது நாள் மரம் சீவ வேண்டும். அவனிடம் பட்ட கடன் வேறு இருக்கும். பூட்டன் ராத்திரியைத் தேர்ந்தெடுத்தார்.

பாட்டியின் சொல்

பள்ளிக்கூடக் கட்டுரையை இப்போது எழுதினால் எந்தச் சொல்லைப் போடுவேன் என்று யோசித்திருக்கிறேன். ‘லெஃப்ட்’ என்று எழுதினால் ஏதோ பெட்டி படுக்கையோடு பஸ் பிடித்துப் போனது போல இருக்கிறது. கங்காணியின் கை அதில் மறைந்துவிடுகிறது. ‘ஃபிளெட்’ என்றால் பயம் மட்டும்தான் தெரிகிறது, ரோஷம் தெரியவில்லை. ‘எஸ்கேப்ட்’ என்றால் தோட்டம் சிறை என்று ஆகிறது. அது பாதி உண்மை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தோட்டம்தான். ‘டிசர்ட்டட்’, ‘அப்ஸ்காண்டட்’ இரண்டும் கிராணியின் நோட்டுப் புத்தகத்துச் சொற்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் வட்டம் போட்டு ஒதுக்கிய ‘ரேன்’ தான் மிச்சம் இருக்கிறது. அது யாரையும் குற்றம் சாட்டவில்லை. கால் செய்ததை மட்டும் சொல்கிறது. ஆசிரியை என் நோட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த விதிதான் தப்பு.

போன வருஷம் இதையெல்லாம் பாட்டியிடம் ஒருவழியாகச் சொன்னேன். பூட்டனை நான் திருடனாக்கிய கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, “பூட்டன் ஓடிப்போனத அப்ப வேற எப்படித்தான் இங்கிலீஷ்ல எழுதுறது?” என்று நான் கேட்டேன். பாட்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“ஓடிப்போனாருன்னு யாருடா சொன்னது? ஓடிப்போனது அவனுங்களுக்கு. நமக்கு ஓடியாந்தாரு.”

இத்தனை வருஷம் அந்தக் கதையைக் கேட்டும் நான் அதைக் கவனித்ததில்லை. ஓடிப்போனவர் என்றால் விட்டுவந்த தோட்டத்தில் நின்று பார்க்கிறோம். ஓடிவந்தவர் என்றால் அவர் வந்து சேர்ந்த இடத்தில், அவர் பிள்ளைகளோடு நின்று பார்க்கிறோம். பாட்டி ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.